இடது கை வளையல்

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று சண்டே மார்க்கெட்டில் ஒரு வளையல் வாங்கினேன். வாங்கும் எண்ணத்தோடு போகவில்லை. நேற்று ஸ்கேன் சென்டரில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்த அலுப்பு தீரவில்லை. வீட்டில் இருந்தால் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று கிளம்பிவிட்டேன்.

காந்தி வீதி நடைபாதையில் ரபி பாய் வழக்கமான இடத்தில் தார்ப்பாயை விரித்திருந்தார். ஓடாத கைக்கடிகாரங்கள், பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டைப் பொத்தான்கள், மூடி இல்லாத வாசனைப் புட்டிகள். என்னிடம் இருக்கும் ஆமை ஓட்டுச் சீப்பு, மணி கோத்த கைப்பை, தொப்பி ஊசி எல்லாம் அவரிடம் வாங்கியவைதான். நான் பெட்டியில் பூட்டி வைக்க வாங்குவதில்லை. வாங்கியதைப் போட்டுக்கொள்வேன். யாரோ ஒரு துரைசானியின் தொப்பி ஊசியைக் கொண்டையில் குத்திக்கொண்டுதான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கரைசல்கள் பாடம் நடத்துகிறேன். தையல்நாயகி என்ற பெயரைச் சுருக்கி எல்லாரும் தையல் டீச்சர் என்பதால், பள்ளிக்குப் புதிதாக வருகிறவர்கள் கிழிந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு என்னைத் தேடுவதுண்டு. கெமிஸ்ட்ரி என்று சொன்னால் கொண்டையைப் பார்த்துவிட்டு நம்பமாட்டார்கள்.

வளையல் பச்சை. ஒரே பச்சை இல்லை. ஒரு பக்கம் ஊறவைத்த பாசிப்பயறு, இன்னொரு பக்கம் மழை நின்ற பிறகு இருக்கும் வேப்பிலை, நடுவே பால் சிந்தியது போல ஒரு வெளுப்பு. எதிரெதிராக இரண்டு இடத்தில் தங்கப் பூண்.

"இது என்ன கல்லு, பாய்?"

"இன்னான்னு தெரியாது டீச்சர். எங்க வாப்பா காலத்துச் சரக்கு. நூறு வருசம் இருக்கும். கப்பல்ல வந்திருக்கும்."

கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் என்றால் உடனே சூடேறிவிடும். இது ஏறவில்லை. வெகு நேரம் வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பையில் போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பள்ளி முடிந்ததும் ஆய்வகத்தைப் பூட்டாமல் உள்ளேயே இருந்தேன். வளையலை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு, காற்றில் ஒரு முறை, நீரில் ஒரு முறை எடை பார்த்தேன். கண்ணாடி என்றால் அடர்த்தி இரண்டரையை ஒட்டி வரும். இது மூன்றைத் தாண்டியது. தங்கப் பூண் கொஞ்சம் ஏமாற்றும்தான். அதைக் கழித்தாலும் கண்ணாடி இல்லை. ஜேடு, சீனத்துப் பச்சைக் கல். நிஜமான ஜேடு.

அப்படியே நூலில் தொங்கும்போது ஸ்பூனால் தட்டினேன். முழுக் கல் என்றால் மணி போல நின்று ஒலிக்க வேண்டும். இது 'டொக்' என்றது. ஆகவே பூண்களுக்கு அடியில் கல் உடைந்திருக்கிறது. உடைந்த இரண்டு பாதிகளை யாரோ தங்கத்தால் சேர்த்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் கீழே விழுந்தாளா, யாராவது அடித்தார்களா, கோபத்தில் அவளே எறிந்தாளா?

வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு இடது கையில் ஏற்றினேன். பெருவிரலுக்குக் கீழே எலும்பு மறித்தது. விடவில்லை. கண்ணில் நீர் வந்தது. பிறகு ஒரு நொடியில் உள்ளே போய்விட்டது. மணிக்கட்டில் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறது. ஊசி போட்டுச் சதை எடுத்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது, கையைத் தூக்கினால் ரவிக்கை உரசுகிறது. வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரிவதில்லை.

பிப்ரவரி 7, புதன்

வளையல் கழலவில்லை. கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. கவரைப் பிரிக்காமல் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் காதில் ஒற்றை முத்து. இயற்கை முத்தாக இருக்க முடியாது, அவ்வளவு உருண்டையாக இருந்தது. வளர்ப்பு முத்தாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. அது என்னவென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்றது கேக்குதா உங்களுக்கு?" என்றார்.

"கேக்குது டாக்டர்."

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல."

"அடுத்த தடவை யாரையாவது கூட்டிட்டு வாங்க. இருபத்தி ரெண்டாம் தேதி வெச்சுக்கலாம்."

சரி என்றேன். வரும் வழியில் தோசை மாவு வாங்கினேன்.

மாலையில் காரைக்காலிலிருந்து தங்கை அபயா பேசினாள். "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். வளையல் கதையைச் சொன்னேன். அடர்த்தி பார்த்தது, தட்டிப் பார்த்தது எல்லாம் சொன்னேன். அவளுக்குக் கல்லிலும் அடர்த்தியிலும் அக்கறை கிடையாது, இருந்தாலும் கேட்டாள். வேறு ஏதாவது விசேஷம் உண்டா என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

துணி துவைத்தேன். ஆய்வகப் பொருள்களின் பட்டியலைச் சரிபார்த்தேன். சில்வர் நைட்ரேட் போதாது.

வளையல் போட்ட கையால் எது செய்தாலும் சத்தம் வருகிறது. வாளி விளிம்பில் ஒரு சத்தம், மேசையில் ஒரு சத்தம். ஒரு கை தன்னையே கேட்டுக்கொண்டிருப்பது போல. இதைப் போட்டிருந்தவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?

பிப்ரவரி 16, வெள்ளி

ஆஸ்பத்திரியில் ரத்தம், ஈசிஜி, எக்ஸ்ரே. கடைசியில் ஒரு நர்ஸ் காகிதத்தில் டிக் அடித்துக்கொண்டே, "தோடு, செயின், மோதிரம் எதுவும் வரக் கூடாது. இது என்ன வளையல்? கழட்டுங்க" என்றார்.

"வராது."

"இடது பக்கம்தான ஆபரேஷன்? அந்தக் கை வீங்கும். இது உள்ள இருந்தா ஆபத்து." சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஒரு முறை இழுத்தார். வலிக்கிறது, விடுங்கள் என்றேன். அவர் உடனே விட்டுவிட்டார். நல்ல பெண்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டி எடுத்துட்டு வந்துடுங்க, டீச்சர். நகை முக்கியம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு அது நகை. எனக்கு அது யாருடையது என்றே இன்னும் தெரியாது.

பிப்ரவரி 19, திங்கள்

முத்தியால்பேட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் ஞானவேல் பத்தரிடம் போனேன். கையை மேசையில் வைக்கச் சொல்லி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பூணை அறுத்தா வந்துடும்மா. அஞ்சு நிமிஷ வேலை."

"கல் உதிர்ந்துடாதா?"

"உதிர்ந்தா உதிருது. திரும்பப் பூண் கட்டிக்கலாம்."

"நூறு வருஷத்துப் பூண் ஆச்சே."

அவர் கண்ணாடியை எடுத்தார். "யார் சொன்னது? உள்பக்கம் 916 முத்திரை குத்தியிருக்கு. கல்லு வேணா பழசா இருக்கலாம். இந்தத் தங்கம் நேத்து வந்த தங்கம்."

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. படிக்கும் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று போன வருஷமே நினைத்தேன். வெட்கம் போனதும் வேறு ஒன்று வந்தது. பூண் புதிது என்றால் வளையல் உடைந்ததும் சமீபத்தில்தான். அப்படியானால் அந்தப் பெண் உயிரோடு இருக்கலாம். இதே ஊரில் இருக்கலாம்.

"அறுக்கட்டுமா?" என்றார் பத்தர்.

"இருங்க. ஒரு பொருளைப் பத்தி முழுசா தெரிஞ்சுக்காம அதுல கத்தி வைக்கக் கூடாது" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அரத்தைக் கீழே வைத்தார்.

பிப்ரவரி 21, புதன்

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, வளையல் கழலவில்லை, ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர், எதனால் தள்ளிப் போடுகிறோம் என்று எழுத வேண்டும், இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

பிப்ரவரி 22, வியாழன்

செய்முறைத் தேர்வு. உப்புப் பகுப்பாய்வில் பாதிப் பேருக்கு அம்மோனியம் வந்தது. ஒரு பையன் வாசனை பிடிக்கிறேன் என்று குழாயை மூக்குக்குள்ளேயே விட்டான். நாள் நன்றாகப் போயிற்று.

பிப்ரவரி 25, ஞாயிறு

ரபி பாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினேன். "பாய், உங்க வாப்பா காலத்துல 916 முத்திரை கிடையாதே" என்றேன்.

அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். தார்ப்பாயில் இருந்த ஒரு பொத்தானைத் துடைத்தார். பிறகு, "பழசுன்னு சொன்னாதான் டீச்சர் நீங்க கையில எடுப்பீங்க" என்றார்.

கோபம் வரவில்லை. உண்மைதானே.

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"போன தீபாவளிக்கு முன்னாடி. குருசுக்குப்பத்துல ஒரு மதாம். ஜெர்மேன் மதாம்னு கேட்டா சொல்லுவாங்க. அவங்க அம்மா வியட்நாம்காரங்க. கிறிஸ்மஸுக்கு நெம்னு கறி வெச்சுச் சுருட்டிப் பொரிச்சு விப்பாங்க பாருங்க, அவங்கதான். ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போன புதுச்சேரிக்காரர்கள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு திரும்பிய கதைகள் இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த வீடுகளில் ஒன்றுக்குள் நான் போனதில்லை. அவ்வளவுதான்.

அவள் எப்படி அழுதுகொண்டே விற்றிருப்பாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் கழலவில்லையே.

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பள்ளியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் குருசுக்குப்பம் போனேன். கடலுக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு ரோஜா நிற வீடு. வாசலில் எண்ணெய்ச் சட்டி வாசனை. கதவைத் திறந்தவருக்கு அறுபதைத் தாண்டி இருக்கும். சின்னக் கண்கள், நல்ல நிறம், நம்மூர் வாயில் புடவை, கொசுவத்தை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"அட, அது உன்கிட்டயா வந்துச்சு? உள்ள வா" என்றார்.

உள்ளே போனதும் அவருடைய இடது மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் அகலத்துக்கு ஒரு வெளுத்த வட்டம். அந்த இடம் மட்டும் மற்ற கையை விட வயது குறைவாக இருந்தது. அதன் நடுவில் ஒரு மச்சம்.

நான் மன்னிப்புக் கேட்கும் குரலில், இது உங்கள் குடும்பச் சொத்தாக இருக்கும், என்ன கஷ்டத்தில் விற்றீர்களோ என்று ஆரம்பித்தேன். அவர் கையால் தடுத்தார்.

"ஒரு கஷ்டமும் இல்ல. வேணாம்னு வித்தேன்."

"உங்க அம்மாவோடதா?"

"அம்மா எனக்குப் போட்டது. அவங்க பேரு லான். இந்தத் தெருவுல எல்லாரும் லீலா, லீலான்னு கூப்பிட்டு அதுவே பேராச்சு. நாங்க சைகோன்ல கப்பல் ஏறுறதுக்கு மொத நாள், எனக்கு ஒம்பது வயசு, சித்தி ரெண்டு பேரும் பிடிச்சுக்க அம்மா சோப்பு போட்டு ஏத்தினாங்க. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போச்சு. எந்த ஊருக்குப் போனாலும் நீ எங்க பொண்ணுன்னு இது சொல்லும்னாங்க. சொல்லுச்சு. ஸ்கூல்ல சீனாக்காரின்னு கூப்பிட்டாங்க. கல்யாணத்துல மாமியார் இதைக் கழட்டிட்டுத் தங்க வளையல் போடச் சொன்னாங்க. கழட்ட முடியல. அதுக்குள்ள எலும்பு வளந்து போச்சு. கூடவே வளந்துச்சு, கூடவே கெழவி ஆச்சு."

"எப்படி உடைஞ்சுது?"

"ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தேன். கை உடைஞ்சு பூரி மாதிரி உப்பிப்போச்சு. ஆஸ்பத்திரியில ஒருத்தன் துணியைச் சுத்தி, இடுக்கி வெச்சு நெரிச்சான். ரெண்டு துண்டா விழுந்துச்சு."

நான் மெதுவாக, "அழுதீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அழணும்? எனக்கு அந்த எடத்தைப் பாக்க அதிசயமா இருந்துச்சு. அம்பது வருஷத்துக்கு மேல பாக்காத எடம் அது. இந்த மச்சம் இருக்கறதே எனக்குத் தெரியாது. வலி ஒரு பக்கம் இருக்க, நான் மச்சத்தையே பாத்துட்டு இருந்தேன். அம்மா சொல்லுவாங்க, வளையல் உடைஞ்சா உனக்கு வந்தது அதுக்குப் போச்சுன்னு அர்த்தம்னு. எனக்குக் கையும் உடைஞ்சுது, அதுவும் உடைஞ்சுது. அப்ப யாருக்கு வந்தது யாருக்குப் போச்சு?" என்று சிரித்தார்.

பூண் கட்டியது பிரான்ஸில், லியோனில் இருக்கும் மகளுக்காகவாம். அவள் ஃபோனில் பார்த்துவிட்டு, கனமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் ரபி பாய்.

நான் கற்பனை செய்த எதுவும் அந்த வீட்டில் நடந்திருக்கவில்லை. எனக்கு இன்னும் கேட்க வேண்டும் போல இருந்தது. லான் அம்மா சமையலில் எந்த இலையைப் போடுவார், தமிழ் பேசினாரா, அவர் கையில் இருந்த வளையல் எங்கே. கேட்டுக்கொண்டே போனேன். அவரும் நெம் ஒன்றைத் தட்டில் வைத்து, புதினாவும் இன்னொரு இலையும் சேர்த்துச் சுருட்டிச் சாப்பிடச் சொல்லிக்கொண்டே பதில் சொன்னார். திடீரென்று நிறுத்தினார்.

"இதெல்லாம் கேக்கவா வந்த?"

"இதைக் கழட்டணும். எப்படின்னு உங்களுக்குத் தெரியுமோன்னு."

"எதுக்குக் கழட்டணும்?"

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க. சின்ன ஆபரேஷன்."

"என்ன ஆபரேஷன்?"

"சின்னதுதான்."

அவர் என் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வந்ததுலேருந்து பாக்கறேன். இடது கையை உடம்போட ஒட்டியே வெச்சிருக்க. தட்டை எடுக்கக்கூட அந்தக் கை வரல. எங்க கட்டி?"

இத்தனை நாள் ஒருவரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை என்று இப்போது பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும்போது தெரிகிறது.

"மார்ல" என்றேன். "கேன்சர்."

சொன்னபோது என் குரல் வகுப்பில் பேசுவது போல இருந்தது.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். ரொட்டி வந்த ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையும் தேங்காய் எண்ணெயும் எடுத்து வந்தார். பையை என் கையில் உறை போல மாட்டி, அதன் நுனியை வளையலுக்குள் நுழைத்து வெளியே இழுத்தார். மேலே எண்ணெய் தடவினார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, அடி எலும்பை அழுத்திக்கொண்டு வளையலைத் தள்ளினார். வலித்தது. ஏற்றிய அன்று வலித்த அளவுகூட இல்லை. வளையல் அவர் மடியில் விழுந்தது.

"போட்டு ஒரு மாசம்கூட ஆகல. போன வழியில வராதா?" என்றார். "எனக்கு எலும்பு வளந்திருந்துச்சு. உனக்கு என்ன?"

நான் பிளாஸ்டிக் பையைக் கையிலிருந்து கழற்றி மடித்துக்கொண்டே இருந்தேன்.

"எப்ப ஆபரேஷன்?"

"போன வாரம் இருந்துச்சு. தள்ளி வெச்சேன்."

"வீட்ல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"யாருக்குச் சொல்லணும்? ஃபோனைக் குடு."

கொடுத்தேன். அவர் அபயாவின் பெயரைக் கேட்டுத் தேடி அழுத்தி, என் காதில் வைத்தார். தான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தார். நான் என்ன பேசுகிறேன் என்று அவர் காதில் விழாதபடி.

பிப்ரவரி 28, புதன்

காலை ஒன்பது மணிக்கே அபயா வந்துவிட்டாள். காலை முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். மாற்றுப் புடவை இரண்டு, ஒரு கூடை முருங்கைக்காய். வந்ததும் கதவுக்கு வெளியே நின்றே, "வளையல் வளையல்னு அரை மணி நேரம் சொன்னியேக்கா" என்றாள். முருங்கைக்காயை வாங்கி உள்ளே வைத்தேன்.

மாலையில் அவளே டாக்டரம்மாவைப் பார்த்துத் தேதி வாங்கினாள். திங்கட்கிழமை.

மார்ச் 3, ஞாயிறு

நாளைக்கு. தோடு, செயின், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றினேன். மூக்குத்தி திருகு மட்டும் வர மறுத்தது. அபயா பல்லைக் கடித்துக்கொண்டு திருகி எடுத்தாள். ஒன்றும் போடாமல் கண்ணாடியில் பார்த்தால் எங்கள் அப்பாவின் சாயல் இருக்கிறது. இது நான் எதிர்பாராதது.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

வலது கை எழுதுகிறது. இடது கை தலையணை மேல் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு குழாய், அதன் முடிவில் ஒரு பிளாஸ்டிக் குடுவை. காலையில் நர்ஸ் அளவு குறித்துக்கொள்ளும்போது நானும் எட்டிப் பார்க்கிறேன். நிறம் நாளுக்கு நாள் வெளுத்து வருகிறது. அது நல்லதாம்.

முழுதாக எடுத்துவிட்டார்கள். அக்குளிலிருந்தும் சில நிணநீர் முடிச்சுகளை எடுத்திருக்கிறார்கள். இனி இடது கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் அணியக் கூடாது. டாக்டரம்மா சொல்லும்போது முகத்தையே பார்த்துக் கேட்டேன். ஜேடு வளையலும் அதில் அடக்கம் என்று எனக்கே புரிந்தது. வலது கை பெரிது. அதில் ஏறாது.

அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லி ஆபரேஷனுக்கு முன் அபயாவிடம் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்திருந்தேன். எங்கே என்று இன்று கேட்டேன். அவள் புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள்.

"காட்டு" என்றேன்.

அவள் இடது மணிக்கட்டில் இருந்தது.

"நீ உள்ள போய் ரொம்ப நேரம் ஆச்சுக்கா. யாரும் வெளிய வந்து ஒண்ணும் சொல்லல. கைக்குட்டையைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். எங்கயாவது விட்டுடுவேனோன்னு பயம். செவுத்துல கை கழுவுற மருந்து இருந்துச்சு, அதைத் தடவி மாட்டிக்கிட்டேன். இப்ப வரமாட்டேங்குது."

கவரிங் வளையலைத் தவிர வேறு எதையும் அவள் கையில் நான் பார்த்ததில்லை. அவள் நிறத்துக்கு அந்தப் பச்சை என்னை விட நன்றாக இருந்தது.

"வெளியில ஒரு பிளாஸ்டிக் பை கிடைக்குமான்னு பாரு. நான் எடுத்து விடறேன்."

"இருக்கட்டும்க்கா. இப்ப என்ன அவசரம்" என்றாள்.

சாயங்காலம் ஜெர்மேன் மதாம் கோழி சூப் கொண்டுவந்தார். அபயாவின் கையைப் பார்த்துவிட்டுச் சூப்பை ஊற்றினார்.

மார்ச் 16, சனி

தையல் பிரித்தாகிவிட்டது. குளிக்கும்போது முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். மூன்று நாளாகத் துண்டைப் போர்த்திக்கொண்டே குளித்தவள், இன்று ஏனோ பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கோடு நேராக இல்லை. மார்பு எலும்பிலிருந்து சாய்வாக ஏறி, அக்குள் பக்கம் ஒரு சிறு மடிப்பில் முடிகிறது. தொட்டால் உணர்வில்லை. ஆனால் தொடாத இடத்தில், முதுகுப் பக்கம், தொட்டது போல ஒரு கூச்சம். ஏன் அப்படி என்று டாக்டரம்மாவைக் கேட்க வேண்டும். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். அபயா கதவைத் தட்டவில்லை. வெளியே நின்றுகொண்டிருந்தாள் என்று தெரியும்.

மதியம் ரிசல்ட். அக்குளில் எடுத்த முடிச்சுகளில் இரண்டில் இருக்கிறது. கீமோ வேண்டும். அடுத்த மாதம் ஆரம்பம்.

"முடி கொட்டும். தயாரா இருங்க" என்றார் டாக்டரம்மா.

"புருவமும் கொட்டுமா?"

"பெரும்பாலும்."

"இமையும்?"

"அதுவும்தான். எல்லாம் திரும்ப வரும்."

"வரும்போது அதே மாதிரி வருமா, வேற மாதிரி வருமா?"

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "சில பேருக்குச் சுருட்டையா வருது, டீச்சர். ஏன்னு யாரும் முழுசா சொல்றதில்ல. உங்களுக்கு எப்படி வருதுன்னு வந்து காட்டுங்க." பக்கத்தில் அபயா அழுதுகொண்டிருந்தாள். முதுகுக் கூச்சத்தைக் கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

கொட்டும்வரை காத்திருப்பதில்லை என்று தீர்மானித்தேன். அபயா வேண்டாம் என்றாள். ஜெர்மேன் மதாம், "எதுக்கு வேணாம்? ஒண்ணொண்ணா தலையணையில பொறுக்கறதுக்கா?" என்றார். மூவரும் பியூட்டி பார்லருக்குப் போனோம். அந்தப் பெண் கொண்டையை அவிழ்த்துவிட்டு, இடுப்புக்குக் கீழே வரும் முடியைக் கையில் தூக்கிப் பிடித்து, "எவ்ளோ எடுக்கட்டும், மேடம்?" என்றாள்.

"எல்லாம். ஒட்ட வெட்டிடு."

அவள் இன்னும் இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் கத்தரியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்தேன். என் காதுகள் இவ்வளவு பெரியவை என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் கொண்டைச் சரிவு பாதிக் காதை மூடியிருக்கிறது. கழுத்தும் நீளம். வலது காதுக்குப் பின்னால் எலும்பு மேடாக ஒரு வளைவு, அதை நான் பார்த்ததே இல்லை. இந்தத் தலைக்கு எது பொருந்தும்? சின்னத் தோடு போட்டால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறேன். ஜிமிக்கி தலையைக் கூஜா ஆக்கிவிடுகிறது.

"நீளமா ஏதாவது போடு" என்றார் மதாம்.

"மொட்டைக்கு நீளம் வேணாம்க்கா. எல்லாரும் பாப்பாங்க" என்றாள் அபயா.

"பாக்கட்டுமே. முடி போனா காதைத்தான பாப்பாங்க. பாக்கறதுக்கு ஏதாவது குடுக்க வேணாமா?" என்றார் மதாம்.

இருவரும் என் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் அபயாதான் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளி லோலாக்கு ஒரு ஜோடி, மூன்றடுக்கு, நுனியில் சிவப்புக் கண்ணாடிக் கல். வாங்கிய நாளிலிருந்து முடியில் சிக்குகிறது என்று நான் போடாமலே வைத்திருந்தது. இடது கையை இன்னும் காது வரை தூக்க முடியவில்லை. அதனால் அபயா ஒரு பக்கமும் மதாம் ஒரு பக்கமும் நின்று மாட்டிவிட்டார்கள்.

ஐந்து மணி வாக்கில் பீச் ரோட்டுக்கு நடந்தோம். லோலாக்கு தாடையில் தட்டிக்கொண்டே வந்தது. சிலர் பார்த்தார்கள். சுண்டல் விற்கும் அம்மா பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "எங்க வாங்கின, நல்லா இருக்குது" என்றார். நான் அது எந்த ஊர் வேலைப்பாடு என்று சொல்ல ஆரம்பித்தேன். அபயா காசைக் கொடுத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கடற்கரைக் கல்லில் உட்கார்ந்தோம். காற்று நன்றாக வீசியது. தலை முழுக்க, காதுக்குப் பின்னால், பிடரியில் எல்லாம் காற்று பட்டது. ஐம்பத்தொரு வயதில் என் உடம்பில் இதுவரை காற்று படாத இடம் ஒன்று இருந்திருக்கிறது.

"குளிருதாக்கா?" என்று அபயா தலைப்பை என் தலையில் போர்த்த வந்தாள்.

"இல்ல" என்றேன். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும். எப்படி இருக்குன்னு பாக்கறேன்."